உறிஞ்சும் எந்திரமும் அரூரின் தூரமும்

முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்துகொண்டவரால் தன் காயத்தைத் தானே பார்க்க முடியாது. தையல் சிவந்திருக்கிறதா, ஓரத்தில் நீர் கசிகிறதா என்பதை வீட்டில் யாராவது சட்டையைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பல வீடுகளில் முதல் தடயம் போர்வையில் தெரிகிறது. காலையில் பாயைச் சுருட்டும்போது ஒரு மஞ்சள் கறை. "தண்ணி மாதிரி லேசா கசியுது, அவ்வளவுதான்" என்று ஒரு வாரம் ஓடிவிடும். ஆழத்தில் ஏற்படும் தொற்று பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் நோயாளி ஊர் திரும்பியிருப்பார். அரூர் போன்ற ஓர் ஊருக்கு இதன் பொருள் எளிது: கிருமி நுழைவது சேலத்திலோ கோவையிலோ பெங்களூரிலோ, சீழ் வெளிப்படுவது அரூரில்.

அரூர், தருமபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ஒரு பக்கம் சித்தேரி மலை, இன்னொரு பக்கம் தீர்த்தமலை, நடுவே மரவள்ளியும் மஞ்சளும். ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் முதுகெலும்பில் ஸ்க்ரூவும் கம்பியும் பொருத்துவது வட்ட மருத்துவமனையின் எல்லைக்குள் அடங்கும் வேலையல்ல. சுமார் 40 கிலோமீட்டரில் தருமபுரி. அங்கே 2008இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. மஞ்சவாடி கணவாய் வழியாகப் போனால் சேலம். மொரப்பூரில் ரயிலேறினால் ஒரு திசையில் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி., மறு திசையில் கோவை. கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, அங்கேயே அனுமதிக்கப்படுபவர்களும் இந்த மாவட்டத்துக்காரர்கள்தாம். தென்னையிலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், தொப்பூர் கணவாயில் வண்டியோடு உருண்டவர், வருடக்கணக்கில் டிஸ்க் வலியோடு வயலில் குனிந்து நிமிர்ந்தவர் என்று முதுகெலும்புக்கு இங்கே ஆபத்துக்குக் குறைவில்லை.

இந்த ஆபரேஷன்களில் எத்தனை சீழ் பிடிக்கின்றன? ஸ்கோலியோசிஸ் ஆராய்ச்சிச் சங்கத்தின் மருத்துவர்கள் பதிவு செய்த 1,08,419 ஆபரேஷன்களை அலசி 2011இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தொற்று ஏற்பட்டது 2.1 விழுக்காட்டினருக்கு, அதில் தோலோடு நின்றது 0.8, ஆழத்துக்குப் போனது 1.3. இது மருத்துவர்கள் தாங்களே சங்கத்துக்குக் கொடுத்த கணக்கு என்பதை மறக்கக்கூடாது. தன் தோல்வியை யாரும் கூட்டிச் சொல்வதில்லை. விபத்தில் அடிபட்டு அவசரமாக ஆபரேஷன் செய்யப்படுபவர், பல எலும்புகளைச் சேர்த்துப் பொருத்த வேண்டியவர், சர்க்கரை நோயாளி, புகைபிடிப்பவர், ரத்தத்தில் புரதம் குறைந்தவர் ஆகியோருக்கு வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு கூடும். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பு சொன்னது, இந்திய சராசரி 11.4.

முதுகின் நடுவே வெட்டித் திறக்கும்போது இருபுறமும் உள்ள தடித்த தசைகளை எலும்பிலிருந்து விலக்கி, இரும்புப் பிடிகளால் மணிக்கணக்கில் இழுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரமெல்லாம் அந்தச் சதைக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. மூடிய பிறகு உள்ளே ஒரு குழிவான வெற்றிடம் எஞ்சுகிறது. அதில் ரத்தமும் நிணநீரும் தேங்கும். அருகிலேயே டைட்டானியம் ஸ்க்ரூ. தங்க நிறக் காக்கஸ் எனப்படும் ஸ்டாபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் உலோகத்தின் மேல் ஒட்டியதும், கிணற்றுப் படியில் பாசி படிவதுபோல், வழுவழுப்பான படலமொன்றைத் தங்கள்மேல் போர்த்திக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாட்டிக் எளிதில் இறங்காது. இடுப்புக்குக் கீழ்ப்பகுதி ஆபரேஷன் என்றால் மலத்திலிருந்து வரும் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும்.

ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எலும்பு கூடுவதற்கு முன் கழற்றினால் முதுகுத்தண்டு நிலைகுலையும்; நரம்பு நசுங்கும் ஆபத்து உண்டு. எனவே முதல் சில வாரங்களில் தொற்று தெரிந்தால் ஸ்க்ரூக்களை விட்டுவைத்து, காயத்தை மறுபடி திறந்து, அழுகிய சதையை வெட்டியெடுத்து, லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டுக் கழுவி, பல இடங்களிலிருந்து திசுவை எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக்கை ஏறத்தாழ ஆறு வாரம் கொடுப்பது வழக்கம். சிக்கல் அதற்குப் பின்னால்தான். கழுவிய குழியை உடனே தைத்து மூடினால் உள்ளே மறுபடி தேங்கலாம். திறந்தே விட்டுத் தினமும் கட்டுத்துணி திணித்தால், தினமும் வலி, வார்டுக் கிருமிகளுக்கும் வழி திறந்தே இருக்கும், மாதக்கணக்கில் படுக்கை. இந்த இரண்டுக்கும் இடையில் வந்து அமர்ந்ததுதான் எதிர்மறை அழுத்தச் சிகிச்சை. மருத்துவமனைகளில் இதை 'வேக்' (VAC) என்கிறார்கள்.

செய்முறை பார்வைக்கு எளியது. காயத்தின் அளவுக்கு வெட்டிய நுரைப்பஞ்சைக் குழிக்குள் வைத்து, மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஒட்டுத்தாளால் மூடி, அதில் ஒரு துளை போட்டுக் குழாயைப் பொருத்தி, மறுமுனையைப் பம்போடு இணைக்கிறார்கள். பம்பு ஓடியதும் பஞ்சு சுருங்கி இறுகும். கசிவெல்லாம் குழாய் வழியே டப்பாவில் சேரும். வழக்கமான அளவு 125 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பஞ்சை மாற்ற வேண்டும். முதுகுத்தண்டு என்றால் அந்த மாற்றமும் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில், மயக்கம் கொடுத்துத்தான்.

உறிஞ்சி எடுப்பது என்ற யோசனை பழையது. சித்த மருத்துவம் வகுத்த முப்பத்திரண்டு புறமருந்துகளில் அட்டைவிடல், குருதி வாங்கல் ஆகியவற்றோடு உறிஞ்சலும் ஒன்று. இதை வைத்து 'வேக் எந்திரம் அன்றே நம்மிடம் இருந்தது' என்று கிளம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கெட்டதை வெளியே இழுக்க வேண்டும் என்று பல மருத்துவ மரபுகளும் நினைத்தன. நாள்கணக்கில், அளந்த அழுத்தத்தில், காயம் முழுக்கப் பரவுமாறு இழுப்பது வேறு சங்கதி. அதற்குப் பம்பு, பிளாஸ்டிக் தாள், நுரைப்பஞ்சு மூன்றும் வேண்டும். கடைசி இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் சரக்குகள்.

அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவரும் ஒருவரல்லர். 1980களின் பிற்பகுதியில் சோவியத் அறுவை மருத்துவர்கள் சீழ்க் காயங்களில் வெற்றிட முறையைப் பயன்படுத்தி ரஷ்ய இதழ்களில் எழுதினார்கள்; வெளியுலகம் வெகுகாலம் அவற்றைப் படிக்கவில்லை. அமெரிக்காவில் சாரிக்கரும் ஜீட்டரும் 1989இல் ஈரக் கட்டுத்துணியையும் மருத்துவமனைச் சுவரில் இருக்கும் உறிஞ்சு குழாயையும் வைத்தே ஒரு முறையை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ஃப்ளைஷ்மன் 1993இல் எலும்பு முறிந்து திறந்த காயங்களில் நுரைப்பஞ்சை வைத்தார். கடைசியில் பெயரும் பணமும் போய்ச் சேர்ந்தது வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு. (நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது.) அங்கே மோரிக்வாஸும் அர்ஜென்டாவும் 1997இல் வெளியிட்ட கட்டுரைகள்தாம் இன்றைய வேக்கின் தொடக்கப் பத்திரங்கள். டெக்சஸின் கே.சி.ஐ. நிறுவனம் அதை வணிகமாக்கியது. பின்னால் காப்புரிமை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தபோது, 'இது ஏற்கெனவே தெரிந்ததுதான்' என்று எதிர்த்தரப்பு பழைய வெளியீடுகளைத் தேடிக் கொண்டுவந்தது. 2019இல் 3எம் நிறுவனம் அந்தத் தொழிலையே விலைக்கு வாங்கியது.

1997 கட்டுரைகள் பன்றிகளின் மேல் நடத்திய சோதனைகளை முன்வைத்தன. 125 மில்லிமீட்டரில் காயத்தின் ரத்த ஓட்டம் நான்கு மடங்கானது. புதுச்சதை வளர்ச்சி தொடர்ந்து உறிஞ்சியபோது 63 விழுக்காடும், விட்டுவிட்டு உறிஞ்சியபோது 103 விழுக்காடும் கூடியது. கிருமி எண்ணிக்கை இறங்கியது. கூடவே 300 மனிதக் காயங்களில் 296 நல்ல பலன் தந்தன என்ற கட்டுரை. இத்தகைய எண்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். உலகம் முழுக்க எந்திரம் பரவியது.

பின்னால் வந்த ஆய்வுகள் இந்த மூன்று தூண்களில் இரண்டை அசைத்துவிட்டன. இதை நோயாளிகளிடம் யாரும் சொல்வதில்லை. கேப்டவுனில் கைரினோசும் உடனிருந்தவர்களும் 2009இல் அளந்து பார்த்தபோது, பஞ்சு சுருங்கி இறுகுவதால் அதன் அடியில் உள்ள சதைக்குள் அழுத்தம் குறையவில்லை, கூடியது; ரத்த ஓட்டமும் குறைந்தது. பெயரில் எதிர்மறை அழுத்தம் இருந்தாலும் சதைக்கு உள்ளே நடப்பது ஓர் அமுக்கல். வீக்கத்தைப் பிழிந்து எடுக்கிறது என்ற அளவில் அதுவும் நல்லதே. ஆனால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த சதையில் அது ஆபத்தாகவும் முடியலாம். கிருமி விஷயத்தில் நிலைமை இன்னும் குழப்பம். மனிதக் காயங்களில் 2004இல் மூஸ் குழு கணக்கிட்டபோது சில கிராம்-நெகட்டிவ் கிருமிகள் குறைந்தன. ஸ்டாபைலோகாக்கஸ் ஆரியஸ் கூடியது. அதே ஆண்டு வீட் குழுவின் ஆய்விலும் எந்திரம் ஓடும்போது கிருமி ஒழிகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முதுகுத்தண்டில் தொற்றை உண்டாக்கும் முதல் குற்றவாளியே ஸ்டாபைலோகாக்கஸ் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே இந்த எந்திரத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான்: அது தொற்றைக் குணப்படுத்துவதில்லை. கத்தியும் கழுவலும் ஆன்டிபயாட்டிக்கும் குணப்படுத்துகின்றன. எந்திரம் அந்த வேலைக்கு இடையில் குழியைத் தேங்கவிடாமல், அழுக்கு படாமல், ஓரங்களை ஒன்றையொன்று நோக்கி இழுத்தபடி காத்துநிற்கிறது. அவகாசம் வாங்கித் தருகிறது. அவகாசத்தைப் பயன்படுத்த ஆளில்லாத இடத்தில் அது வெறும் பம்பு.

முதுகுத்தண்டுக் காயங்களில் இதைப் பயன்படுத்தியதைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மருத்துவமனையின் நோயாளிப் பட்டியல்கள். மெபாட் குழு 2005இல் 20 நோயாளிகளைப் பற்றி எழுதியது. சூரிக்கிலிருந்து லாப்ளர் குழு 2006இல் 15 பேர். 2008இல் புளூமிஸ் குழு வெளியிட்டது பெரியது: 73 நோயாளிகள், 79 காயங்கள், பஞ்சு வைத்ததிலிருந்து சராசரியாக ஒரு வாரத்தில் காயங்களை மூட முடிந்தது. பெரும்பாலோருக்கு ஸ்க்ரூக்களைக் கழற்றாமலே தொற்று அடங்கியது என்பதே இந்தப் பட்டியல்கள் தரும் நல்ல செய்தி. வேக் வைக்காமல் இரண்டாம் முறை கழுவித் தைத்திருந்தால் இதே பலன் கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு இவற்றில் பதிலில்லை. ஒப்பிட ஆளில்லை.

ஒப்பிட்டுப் பார்த்த இடங்களில் எந்திரத்தின் ஒளி மங்கியிருக்கிறது. பிரிட்டனில் காலெலும்பு முறிந்து திறந்த காயமுள்ள 460 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய வுல்ஃப் ஆய்வு 2018இல் வந்தது: ஆழ்ந்த தொற்று வேக் தரப்பில் 7.1, சாதாரணக் கட்டுத் தரப்பில் 8.1 விழுக்காடு, ஓராண்டு கழித்து நடமாட்டத்தில் வேறுபாடு இல்லை. தைத்து மூடிய காயத்தின் மேல் முன்னெச்சரிக்கையாக வேக் ஒட்டுவதை 1,548 பேரிடம் சோதித்த விஸ்ட் ஆய்விலும் (2020) 5.84க்கு 6.68 என்ற அளவிலேயே முடிந்தது. தற்செயலாகவும் வரக்கூடிய இடைவெளி அது. முதுகுத்தண்டில் இந்த முன்னெச்சரிக்கை ஒட்டலைப் பற்றி டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2014இல் 160 பேரின் பழைய பதிவேடுகளிலிருந்து எழுதினார்கள்: தொற்று 14.9 விழுக்காட்டிலிருந்து 10.6 ஆனது. விழுக்காட்டை ஆள்கணக்காக மாற்றிப் பார்த்தால் ஓரிரண்டு பேர்தான் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இதற்குக் கொடுத்த பரிந்துரையும் தயக்கத்தோடுதான்: ஆபத்து அதிகமுள்ள காயங்களுக்கு, வசதி இருந்தால்.

இனி ஆபத்துகள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இலும் 2011இலும் எச்சரிக்கை விடுத்தது. இரண்டையும் சேர்த்தால் 12 சாவுகள், 174 காயங்கள். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் ரத்தக்கசிவு. அதே எச்சரிக்கையில் வந்த இன்னொரு விவரம் அரூருக்கு முக்கியமானது: சாவுகளில் பல வீட்டிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ நடந்தவை. முதுகுத்தண்டில் இன்னொரு அபாயமும் சேர்கிறது. நரம்புத்தண்டைச் சுற்றியுள்ள டூரா என்ற சவ்வு ஆபரேஷனில் கிழிந்திருந்தால், எந்திரம் மூளைத்தண்டுவட நீரையே இழுக்கும். டப்பாவில் தெளிந்த நீர் ஏறிக்கொண்டே போகும். நோயாளி தலைவலி என்பார், வாந்தியெடுப்பார். முற்றினால் மூளைக்குள்ளே ரத்தம் கசியும். அதனால் சவ்வு வெளியே தெரியும் இடத்தில் வழக்கமான கறுப்புப் பஞ்சை நேரடியாக வைக்காமல், அடர்த்தியான வெள்ளைப் பஞ்சை இடையில் வைத்து, அழுத்தத்தையும் பாதியாகக் குறைக்கிறார்கள். கிழிசல் இருப்பது தெரிந்தால் முதலில் அதைத் தைக்க வேண்டும். அதுவரை எந்திரம் பக்கமே போகக்கூடாது.

மூன்றாவது அபாயம் அற்பமாகத் தோன்றும்: பஞ்சுத் துண்டு உள்ளேயே தங்கிவிடுவது. ஆழமான குழியில் மூன்று நான்கு துண்டுகள் அடுக்கியிருப்பார்கள். ஒரு ஊரில் வைத்தவர் வேறு, இன்னொரு ஊரில் எடுப்பவர் வேறு என்றால் எத்தனை துண்டு என்று யாருக்குத் தெரியும்? புதுச்சதை பஞ்சுக்குள் வளர்ந்துவிடும்; ஆறாத புண்ணாக மாதக்கணக்கில் கசியும். ஒட்டுத்தாளின் மேல் எண்ணிக்கையைப் பேனாவால் எழுதிவிடுவது நல்ல மருத்துவமனைகளின் பழக்கம். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் இல்லை.

பம்பு நின்றால் என்ன ஆகும்? உறிஞ்சல் இல்லாத ஈரப்பஞ்சு, மூடிய பிளாஸ்டிக்குக்குள், கிருமி வளர்க்கும் பாத்திரமாகிவிடும். ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது, நின்றால் பஞ்சை எடுத்துவிட வேண்டும் என்பது உற்பத்தியாளரே சொன்ன விதி. 2008இலிருந்து 2013 வரை தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை அரூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். இன்று நிலைமை மாறிவிட்டது. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் பிற்பகலில்தான் வருகிறது. கையடக்க எந்திரங்களில் பேட்டரி உண்டு, மருத்துவமனையில் ஜெனரேட்டர் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போதுதான் இந்த விதி உறைக்கும்.

இந்தியாவிலேயே இதற்கு ஒரு பதில் யோசிக்கப்பட்டது என்பது தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத செய்தி. மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியில் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் பிரமோத் குமார், காயத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மூடி, அரைமணி நேரம் உறிஞ்சி, மூன்றரை மணி நேரம் ஓய்வு விடும் முறையொன்றை வகுத்து வெளியிட்டார். உறைக்குள்ளே இரண்டு குழாய்கள். ஒன்று உறிஞ்ச, மற்றொன்று உள்ளே மருந்துநீர் விட. ஓய்வு என்பது விபத்தாக வராமல் திட்டத்திலேயே இருப்பதால் மின்சாரத்தின் பிடி தளர்கிறது. கை, கால் காயங்களுக்கே அது அதிகம் பொருந்தும். முதுகைச் சுற்றி உறை போடுவது அவ்வளவு எளிதல்ல. ஆனால் கேள்வியைச் சரியான முனையிலிருந்து தொடங்கிய முயற்சி அது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேனியல் ஸுரோவ்சிக் 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹைட்டிக்குக் கொண்டுபோன துருத்திப் பம்பும் இப்படித்தான். கையால் அமுக்கிவிட்டால் போதும், மின்சாரமே வேண்டாம்.

நம் அரசு மருத்துவமனைகளில் நடப்பது இன்னொரு வகை. எந்திரம் கிடைக்காத வார்டில் நுரைப்பஞ்சை ஆட்டோகிளேவில் போட்டெடுத்து, மூக்கு வழி உணவு செலுத்தும் ரைல்ஸ் குழாயை உள்ளே சொருகி, ஆபரேஷனுக்கு ஒட்டும் தாளால் மூடி, சுவர் உறிஞ்சியில் மாட்டிவிடுகிறார்கள். நாடெங்கும் இளம் மருத்துவர்கள் இதைச் செய்து பார்த்து, இதழ்களில் எழுதியும் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு இதனால் ஆறிய காயங்கள் ஏராளம். இதை இளக்காரமாகப் பேசுபவர்கள் வார்டில் நின்று பார்க்காதவர்கள். என்றாலும் முதுகுத்தண்டில் எனக்குப் பயம் உண்டு. சுவர் உறிஞ்சியில் அளவு சரியாக வைக்காவிட்டால் 125க்குப் பதில் 300ஐத் தாண்டி இழுக்கும். ரத்தம் வேகமாக வந்தால் அலறும் மணி அதில் இல்லை. டூராவுக்குச் சில மில்லிமீட்டர் தொலைவில் இந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து, கருவிகளை மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறது. எனவே எந்திரத்தின் விலை மட்டும் இன்று பெரிய சுவரல்ல. பஞ்சு மாற்ற இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தியேட்டர் நேரம் கிடைக்க வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும், பார்க்க நர்ஸ் வேண்டும். அதற்காக நோயாளி பெரிய மருத்துவமனையிலேயே கிடக்க வேண்டும், கூடவே வீட்டிலிருந்து ஒருவர். மரவள்ளி பிடுங்கும் பருவத்தில் மூன்று வாரம் சேலத்தில் உட்கார்ந்திருப்பவரின் கூலி எந்தக் காப்பீட்டுக் கணக்கிலும் வருவதில்லை. 'பரவாயில்லை, வீட்டுக்கே போறோம்' என்று பாதியில் கையெழுத்துப் போட்டுக் கிளம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

கோவை கங்கா மருத்துவமனை இதே கணக்கை வேறு முனையிலிருந்து போட்டது என்று சொல்லலாம். 1978இல் மயக்க மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதன் தொடங்கிய அந்த மருத்துவமனையில் எலும்பு மருத்துவமும் பிளாஸ்டிக் சர்ஜரியும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. மகன்களில் ராஜசேகரன் முதுகுத்தண்டு நிபுணர், ராஜா சபாபதி பிளாஸ்டிக் சர்ஜன். திறந்த எலும்பு முறிவுக் காயங்களை நன்றாகக் கழுவி, கூடியவரை சீக்கிரம் நல்ல சதையால் மூடிவிடுவது அங்கே வளர்ந்த வழி. முதல் நாளே சதையை நகர்த்தி மூடத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால், வேக்குக்கு வேலை குறைவு. அந்தக் கை எல்லா மாவட்டத் தலைநகரிலும் இல்லாததால்தான் எந்திரம் அவ்வளவு தேவையாகத் தெரிகிறது.

அரூரில் என்ன செய்யலாம்? வட்ட மருத்துவமனைக்கு வேக் எந்திரம் வாங்கிக் கொடுப்பதை நான் முதலில் வைக்கமாட்டேன். அங்கே வேண்டியது, தொற்று தலைகாட்டிய முதல் வாரத்திலேயே அதைக் கண்டுபிடிப்பது. ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதம் ஆபரேஷன் முடிந்த இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். காய்ச்சல் இல்லாவிட்டாலும், தோல் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும். தையல் பிரிக்க மறுபடி சேலத்துக்கு அலையாமல் அரூரிலேயே பிரித்துக்கொள்ளும் நாளில் இந்தப் பரிசோதனையையும் எடுத்துவிடலாம். கசிகிற காயத்துக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதுதான் மிகப் பெரிய கேடு. சீழ் அடங்கியதுபோல் தோன்றும், கிருமிப் பரிசோதனையில் எதுவும் வளராது, ஸ்க்ரூவின் மேல் படலம் மட்டும் கெட்டிப்படும். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நர்சும் பிசியோதெரபிஸ்ட்டும் ஏற்கெனவே வீடுவீடாகப் போகிறார்கள். முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டவரின் சட்டையைத் தூக்கிப் பார்ப்பதும், போனில் ஒரு படம் எடுத்து ஆபரேஷன் செய்த மருத்துவருக்கு அனுப்புவதும் அவர்கள் வேலையில் சேர்ந்தால் புதிதாக ஒரு பணியிடமும் உருவாக்க வேண்டாம்.

எந்திரம் எங்கே, யாருக்கு, எவ்வளவு நாள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதை இங்கேயே ஆராய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1956இல் மதராஸில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேரைச் சானடோரியத்தில் வைத்தும் பாதிப்பேரை அவரவர் வீட்டில் வைத்தும் மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குணமானது. 1959இல் வெளியான அந்த முடிவு உலகமெங்கும் சானடோரியங்களின் கதவைச் சாத்த உதவியது. முதுகெலும்புக் காசநோய்க்குப் பலருக்கு ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையே போதும் என்பதைக் காட்டிய ஆய்வுகளிலும் மதராஸுக்குப் பங்கு உண்டு. சேலம், தருமபுரி, வேலூர் மருத்துவமனைகள் கைகோத்தால், முதுகுத்தண்டுத் தொற்றில் கழுவி உடனே தைப்பதையும் வேக் வைத்துப் பிறகு தைப்பதையும் நேருக்கு நேர் ஒப்பிடும் அளவுக்கு நோயாளிகள் சில ஆண்டுகளில் சேர்வார்கள். அப்படி ஓர் ஆய்வு நடந்தால் அதில் அளக்க வேண்டியவை காயம் மூடிய நாள், கழற்றிய ஸ்க்ரூ, மறுபடி தியேட்டருக்குப் போன முறை ஆகியவற்றோடு நின்றுவிடக்கூடாது. நோயாளியும் கூட இருந்தவரும் இழந்த கூலி நாட்கள், வாங்கிய கடன், பாதியில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பியவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் அந்தப் படிவத்தில் கட்டங்கள் வேண்டும்.